தோல் சோபாவில் தேங்காய் எண்ணெய் தேய்க்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வந்த வீட்டுக்குறிப்புப் பகுதியில், தோல் சோபா பளபளக்க வாரம் ஒருமுறை தேங்காய் எண்ணெயைப் பஞ்சில் தொட்டுத் தேய்க்கலாம் என்றும், கறை இருந்தால் வினிகரும் சமையல் சோடாவும் கலந்து துடைக்கலாம் என்றும் எழுதியிருந்தது. ராணிப்பேட்டை, ஆம்பூர் வட்டாரத்தில் தோல் பினிஷிங் வேலையிலும் பழைய சோபாக்களைச் சீரமைக்கும் வேலையிலும் இருக்கும் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். அந்த இரண்டு குறிப்புகளும் தவறு. அவற்றால் கெட்டுப்போகும் சோபாக்களே சீரமைப்புக்கு வருபவற்றில் நிறைய. வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் ஒரு திருத்தம் வெளியிட்டால் பல வீடுகளில் செலவு மிச்சமாகும். எது ஏன் தவறு, எது சரி என்பதை விவரமாகவே எழுதுகிறோம். கடிதம் நீண்டுவிட்டதைப் பொறுத்தருள வேண்டும்.

சோபாவில் நம் கை படுவது பெரும்பாலும் தோலின் மேல் அல்ல, அதன் மேலுள்ள பூச்சின் மேல். டேனரியில் தோலைக் குரோம் உப்பில் பதனிட்டு, சாயமேற்றி, எண்ணெய் ஏற்றி, காயவைத்து, மென்மையாக்கிய பிறகு, நிறமி கலந்த அக்ரிலிக் அல்லது பாலியூரித்தேன் பூச்சை மெல்லிய அடுக்குகளாக ஸ்ப்ரே செய்கிறார்கள். கடைசியாக நிறமில்லாத ஒரு மேல்பூச்சு. கறை உள்ளே இறங்காமல் தடுப்பதும், உராய்வைத் தாங்குவதும், நிறத்தைக் காப்பதும் இந்த அடுக்குகள்தான். சோபாத் தோலின் கனம் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் என்றால், பூச்சு அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. தோல் பல ஆண்டு தாங்கும். பூச்சு போய்விட்டால் அந்தத் தோலைக் காப்பாற்றுவது கடினம். ஆகவே பராமரிப்பு என்று நாம் செய்வதெல்லாம் இந்தப் பூச்சைக் காப்பாற்றும் வேலைதான்.

தேங்காய் எண்ணெய் விஷயத்துக்கு வருவோம். தோலுக்குத் தேவையான எண்ணெயை டேனரியிலேயே ஏற்றிவிடுகிறார்கள். தண்ணீரில் கலக்கும்படி மாற்றிய எண்ணெயை உருளும் டிரம்மில் தோலோடு சுழலவிட்டு நார்நாராக உள்ளே செலுத்தி, கடைசியில் ஃபார்மிக் அமிலம் விட்டு அதை நார்களோடு பிணைத்துவிடுவார்கள். வீட்டில் பஞ்சில் தொட்டுத் தேய்க்கும் எண்ணெய் அப்படி உள்ளே போகாது. பூச்சின் மேல் படலமாக நிற்கும். ஒரு வாரத்தில் தூசி ஒட்டிப் பிசுக்காகும். தையல் ஓரங்களிலும் நுண்ணிய வெடிப்புகளிலும் இறங்கிய எண்ணெய் பூச்சை ஊறவைத்து இளக்கும். இளகிய பூச்சு முதலில் பிசுபிசுக்கும், பிறகு வெடிக்கும், அப்புறம் உரியும். தேங்காய் எண்ணெய்க்கு இன்னொரு குணமும் உண்டு: ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே அது உறையும். ஏசி அறையில் தையல் மடிப்புகளில் வெண்மையாகப் படிந்து நிற்பதற்கு அதுதான் காரணம். மழைக்காலத்தில் அந்த எண்ணெய்ப் படலம் பூஞ்சைக்கு இரையாகிறது. நல்லெண்ணெய், ஆலிவ் எண்ணெய், பாலாடை, வாழைப்பழத் தோல் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். தேய்த்த அன்று பளபளப்பது உண்மை; அந்தப் பளபளப்பைப் பார்த்துத்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள்.

வினிகரும் சமையல் சோடாவும். பதனிட்ட தோல் இயல்பிலேயே சற்று அமிலத்தன்மை உடையது. பிஎச் அளவு (7க்குக் கீழே அமிலம், மேலே காரம்) பொதுவாக 3.5 முதல் 4.5 வரை இருக்கும். சாயமும் எண்ணெயும் நாரோடு பிணைந்திருப்பதே அந்த அமிலத்தன்மையால்தான். சமையல் சோடாக் கரைசலின் பிஎச் 8க்கு மேல். குளியல் சோப்பு 9, 10. சலவைச் சோடா அதற்கும் மேல். காரம் பூச்சில்லாத இடத்தில் இறங்கினால் பிணைப்பு தளர்ந்து சாயம் கசியும், எண்ணெய் வெளியேறும், அந்த இடம் காய்ந்ததும் விறைத்துப்போகும். வினிகரில் சுமார் 4 சதவீதம் அசிட்டிக் அமிலம் இருக்கிறது. அது மறுபக்கமாக இழுத்து மேல்பூச்சின் மெருகை மங்கவைக்கும். சரி, இரண்டையும் கலந்தால்? ஒன்றையொன்று முறித்து, நுரைத்து அடங்கிய பின் மிஞ்சுவது சோடியம் அசிடேட் என்ற உப்பு கரைந்த தண்ணீர். அதற்குச் சுத்தம் செய்யும் ஆற்றல் ஒன்றும் கிடையாது. கரையாமல் நிற்கும் சோடாத் துகள்கள் தேய்க்கத் தேய்க்கப் பூச்சைக் கீறுவதுதான் கண்ட பலன். பற்பசை போட்டுத் தேய்ப்பதும் இதே வகைதான். அதில் அரைத்த சுண்ணம் போன்ற தேய்பொருள் இருக்கிறது.

சுத்தம் செய்யுமுன் உங்கள் சோபா எந்த வகை என்று தெரிந்துகொள்ள வேண்டும். கண்ணில் படாத இடத்தில், சோபாவின் பின்புற அடியிலோ குஷனுக்குக் கீழேயோ, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு ஒரு நிமிடம் பாருங்கள். சொட்டு அப்படியே உருண்டு நின்றால் பூச்சுள்ள தோல். வீடுகளில் இருப்பதில் பெரும்பான்மை இதுதான். சொட்டு மெல்ல உள்ளே இறங்கி அந்த இடம் கருத்தால் அது அனிலைன் வகை: சாயம் மட்டும் ஏற்றி, பூச்சு இல்லாமலோ மிக மெல்லிய பூச்சோடோ விட்டது. தொட்டால் வெல்வெட்போல இருந்து, விரலால் கோடு போட்டால் நிறம் மாறித் தெரிந்தால் நூபக். கடைசி இரண்டுக்கும் கீழே சொல்லும் நுரைமுறை பொருந்தாது. தூசி எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவற்றில் எண்ணெய் சிந்தினால் உடனே சோளமாவை அந்த இடத்தில் தடிமனாகத் தூவி, ஓரிரவு விட்டு, காலையில் வேக்குவம் கிளீனரால் ஒட்டுமொத்தமாக உறிஞ்சி எடுக்கலாம். மாவு மிச்சமிருந்தால் பூச்சி வரும். கடலைமாவு வேண்டாம், அதிலேயே கொழுப்பு உண்டு. மற்ற கறைகளுக்கு ஆள் கூப்பிடுவதே நல்லது.

பூச்சுள்ள சோபாவுக்கான முறை எளிது. வேண்டியவை: வெளுத்த பழைய பருத்தித் துணி மூன்று (பனியன் துணி மிக நல்லது, சாயத்துணி கூடாது), மென்மையான ஒரு ஸ்பாஞ்ச், பிளாஸ்டிக் வாளி, ஆர்ஓ தண்ணீர், குழந்தைகளுக்கான நிறமில்லா ஷாம்பு. தோலுக்கென்று விற்கும் கிளீனர் கிடைத்தால் அதுவே மேல். இல்லாவிட்டால் இந்த ஷாம்பு போதும். போர்வெல் தண்ணீரைத் தவிர்க்கச் சொல்வது அதிலுள்ள உப்பு காய்ந்து வெள்ளைத் தடமாக நிற்பதால். இரும்பு வாளி கூடாதென்பதற்கும் காரணம் உண்டு. ஆவாரம்பட்டை, வாட்டில் பட்டை, கடுக்காய் போன்றவற்றின் சாறில் பதனிட்ட தோலில் இரும்பு கலந்த ஈரம் பட்டால் கருநீலக் கறை விழும், அதைப் பிறகு போக்குவது மிகக் கடினம். திருச்சி, திண்டுக்கல் பக்கம் அந்த முறையில் பதனிட்ட தோலைச் சில கைவினை நாற்காலிகளில் இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

முதலில் குஷனைத் தூக்கி, இடுக்குகளில் இருக்கும் மணல், துணுக்கு, ஊசி, காசு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, தூரிகை முனை மாட்டிய வேக்குவம் கிளீனரால் தூசி எடுங்கள். இதைத் தவிர்த்துவிட்டு ஈரத்துணி போட்டால் மணலே உப்புத்தாளாகிப் பூச்சைத் தேய்த்துவிடும். பிறகு 1 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 1 தேக்கரண்டி, அதாவது 5 மில்லி ஷாம்பு விட்டு, ஸ்பாஞ்சை அதில் நனைத்துப் பிழிந்து பிழிந்து நுரை எழுப்புங்கள். சோபாவில் படவேண்டியது நுரை மட்டும்தான். தண்ணீர் வழியக்கூடாது, தையலுக்குள் இறங்கக்கூடாது. இறங்கினால் உள்ளே இருக்கும் ஃபோம் ஈரத்தை நாள்கணக்கில் வைத்துக்கொண்டிருக்கும்.

ஒரு கையகலம், இரு கையகலமாகப் பிரித்துக்கொண்டு வேலை செய்யுங்கள். நுரையைப் போட்டு அழுத்தாமல் வட்டமாகத் தேய்த்து, உடனே சுத்தத் தண்ணீரில் நனைத்து இறுக்கிப் பிழிந்த துணியால் துடைத்து, அடுத்த நொடியே உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். பிறகு பக்கத்து இடம். தையலில் தொடங்கித் தையலில் முடித்தால் நடுவில் எல்லைக்கோடு தெரியாது. துணியில் அழுக்கு ஏறினால் அலசிக்கொள்ளுங்கள். அழுக்குக்குப் பதிலாகச் சோபாவின் நிறமே துணியில் ஏறினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பூச்சு தேய்ந்துவிட்டது என்று அதற்குப் பொருள். முடித்ததும் மின்விசிறியைப் போட்டு 2, 3 மணி நேரம் யாரும் உட்காராமல் விடவேண்டும். ஹேர் டிரையர், வெயில் இரண்டும் கூடாது. நனைந்த தோலைச் சூட்டில் காயவைத்தால் நார்கள் ஒன்றோடொன்று ஒட்டி விறைத்துவிடும். அந்த விறைப்பை எந்தக் கிரீமும் போக்காது.

இந்த முழுச் சுத்தம் 3, 4 மாதத்துக்கு ஒருமுறை போதும். ஆனால் தலை சாயும் இடமும் கை வைக்கும் இடமும் அவ்வளவு காலம் பொறுக்காது. நம் ஊரில் தோல் சோபா கெடுவதில் முதல் இடம் இந்த இரண்டுக்கும்தான். தலையில் தேய்த்த எண்ணெய், வியர்வை, உடலில் ஊறும் இயற்கை எண்ணெய், மணிக்கட்டில் ஒட்டியிருக்கும் கிரீம் எல்லாம் சேர்ந்து பாலியூரித்தேன் பூச்சுக்குள் மெல்ல ஊறுகின்றன. தொட்டால் பிசுபிசுக்கும் கட்டத்தில் கவனித்தால் காப்பாற்றலாம். உரியத் தொடங்கியபின் முடியாது. வாரம் ஒருமுறை இந்த இடங்களை மட்டும் ஈரம் பிழிந்த துணியாலும், மாதம் ஒருமுறை நுரையாலும் துடைத்துவிடுங்கள். எண்ணெய் தேய்த்த தலையோடு சாயும் வழக்கமுள்ள வீட்டில் ஒரு வெள்ளைப் பருத்தித் துண்டை மடித்துப் போட்டு, அதை வாரந்தோறும் துவைப்பதைவிட நல்ல பாதுகாப்பு எதுவும் இல்லை. புதுச் சாயத்துண்டு வேண்டாம். புது ஜீன்ஸின் நீலம் வெளிர்நிறச் சோபாவில் ஏறுவதுபோல அதன் சாயமும் ஏறும்.

கொரோனா காலத்தில் தொடங்கிய ஒரு பழக்கம் பல வீடுகளில் இன்னும் நிற்கவில்லை: சானிடைசரால் சோபாவைத் துடைப்பது. அதில் 60, 70 சதவீதம் ஆல்கஹால். திரும்பத் திரும்பப் பட்டால் மேல்பூச்சு வெளிறி வெடிக்கும். கைக்குச் சானிடைசர் தடவிய ஈரத்தோடு கைப்பிடியில் கை வைப்பதுகூடக் காலப்போக்கில் அதே வேலையைச் செய்யும். கண்ணாடி துடைக்கும் திரவம், தரை துடைக்கும் திரவம், பாத்திரம் விளக்கும் ஜெல், வாசனை ஈரத்தாள் எதுவும் சோபாவுக்கு ஆகாது. ஷூ பாலிஷ் போடுவதும் நடக்கிறது. அதிலுள்ள கரைப்பான் பூச்சை இளக்கும், நிறமோ உட்காருபவரின் வேட்டியில் ஏறும்.

கிரீம் பற்றியும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். கண்டிஷனர் தோலுக்கு உணவு ஊட்டுகிறது என்று விளம்பரம் செய்கிறார்கள். பூச்சுள்ள தோலில் அப்படி எதுவும் உள்ளே போவதில்லை. நீர் அடிப்படையிலான நல்ல கிரீம் செய்வது பூச்சின் மேல் ஒரு மெல்லிய காப்புப் படலம் போடுவது மட்டும். உராய்வு குறையும், கறை உடனே பிடிக்காது. அதுவே போதுமான பயன்தான். 6 மாதத்துக்கு ஒருமுறை, சுத்தம் செய்து முழுதாகக் காய்ந்தபின், மூவர் அமரும் சோபாவுக்கு 30, 40 மில்லி எடுத்து ஸ்பாஞ்சில் மெலிதாகப் பூசி, அரைமணி கழித்து உலர்ந்த துணியால் துடைத்து எடுத்துவிடுங்கள். அழுக்கின் மேல் கிரீம் போட்டால் அழுக்கு உள்ளேயே அடைபடும். சிலிக்கோன் கலந்த பளபளப்பு ஸ்ப்ரேக்களை வாங்கவே வாங்காதீர்கள். நாளைக்கு அந்தச் சோபாவுக்கு நிறம் அடிக்க நேர்ந்தால் சிலிக்கோன் படிந்த இடத்தில் பூச்சு ஒட்டாது, புள்ளி புள்ளியாக விலகி நிற்கும்.

கறைகளில் நம் வீடுகளுக்கே உரியது மஞ்சள். சாம்பார் சிந்தியதும் சோப்பைத் தேடி ஓடாதீர்கள். மஞ்சளிலுள்ள குர்குமின் காரம் பட்டால் சிவப்பாக மாறும். சோப்புப் போட்டதும் கறை குங்குமமாகிப் பயமுறுத்துவது அதனால்தான். முதலில் கரண்டியின் விளிம்பால் வழித்தெடுத்து, உலர்ந்த துணியால் ஒற்றி, பிறகு வெறும் தண்ணீர் பிழிந்த துணியால் ஒற்றுங்கள். தேய்த்தால் பரவும். அதன் பிறகு நுரைமுறை. லேசான மஞ்சள் சாயல் மிஞ்சினால் விட்டுவிடுங்கள்; குர்குமின் வெளிச்சத்தில் தானே மங்கும், அறைக்குள் வரும் பகல் வெளிச்சமே சில வாரங்களில் அந்த வேலையைச் செய்யும். வெயிலில் தூக்கிப்போட வேண்டாம்.

பால்பாயிண்ட் பேனாக் கோட்டுக்குக் கெடு மிகக் குறைவு. மை சில மணி நேரத்தில் பூச்சுக்குள் இறங்கத் தொடங்கிவிடும். உடனே கவனித்தால், காது குடையும் பஞ்சுக்குச்சியில் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்டு, சொட்டாதபடி பிழிந்து, கோட்டின் மேல் உருட்டி எடுக்கலாம். ஒவ்வொரு உருட்டலுக்கும் புதுப் பஞ்சு. மறைவிடத்தில் சோதித்துப் பார்த்து, அங்கே நிறம் வராவிட்டால் மட்டுமே செய்யுங்கள். சானிடைசரைக் கூடாதென்று சொல்லிவிட்டு ஆல்கஹாலைச் சொல்கிறோமே என்று தோன்றலாம். ஒரு கோட்டின் மேல் ஒருமுறை பட்டு ஆவியாவது வேறு, தினமும் கைப்பிடி முழுக்கத் துடைப்பது வேறு. நகப்பூச்சு நீக்கும் திரவத்தை மட்டும் எந்தக் காரணத்துக்கும் கிட்டே கொண்டுவராதீர்கள். அதிலுள்ள அசிட்டோன் மையோடு பூச்சையும் சேர்த்து ஒரே துடைப்பில் எடுத்துவிடும். பெட்ரோல், டர்பெண்டைன், தின்னர் எல்லாம் அதே கணக்கு.

இனி மழைக்காலம். கடலோர மாவட்டங்களில் தோல் சோபாவுக்கு உண்மையான எதிரி பூஞ்சைதான். காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றாலே அது முளைக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சென்னையில் 80 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். சுவரோடு ஒட்டிப் போட்ட சோபாவின் முதுகில்தான் முதலில் பூக்கும். சுவர் ஈரமாகவும் குளிர்ச்சியாகவும் இருக்கும், இடையில் காற்று போகாது. அரையடி இடைவெளி விட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

சோபாவில் வெள்ளையாக எதைப் பார்த்தாலும் பூஞ்சை என்று முடிவுகட்டக்கூடாது. மூன்று வகை வெள்ளை உண்டு. ஹேர் டிரையரை மிதமான சூட்டில் வைத்து ஓர் அடி தள்ளிச் சில நொடி மட்டும் காட்டுங்கள். வெள்ளை உருகி மறைந்தால் அது கொழுப்பு. தோலின் உள்ளிருந்தோ, மேலே தேய்த்த எண்ணெயிலிருந்தோ வந்தது. வெதுவெதுப்பான நுரையால் துடைத்தால் போகும். சூட்டில் மாறாமல், ஈரத்துணியால் துடைத்ததும் கரைந்து, காய்ந்தபின் அதே இடத்தில் திரும்பத் தலைகாட்டினால் அது உப்பு. ஆர்ஓ தண்ணீரால் சில முறை ஒற்றினால் படிப்படியாகக் குறையும். இரண்டும் இல்லாமல், மெல்லிய நூல்போல, புழுக்க நாற்றத்தோடு, வட்டம் வட்டமாக இருந்தால் அதுதான் பூஞ்சை.

பூஞ்சையை எடுக்கும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். நிறுத்தாவிட்டால் அதன் வித்துகள் அறை முழுக்கப் பறக்கும். முடிந்தால் சோபாவை வராந்தாவுக்கோ மொட்டைமாடியின் நிழலுக்கோ கொண்டுபோங்கள். என்95 முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையைச் செய்யக்கூடாது. லேசாக ஈரமாக்கிய, பிறகு எறிந்துவிடக்கூடிய துணியால் ஒரே திசையில் துடைத்தெடுத்து, ஒவ்வொரு துடைப்புக்கும் துணியின் புதுப்பக்கத்தைத் திருப்புங்கள். அடுத்து நுரையால் சுத்தம். பூச்சுள்ள தோலாக இருந்து மறைவிடச் சோதனையும் சரியாக வந்தால், ஐசோப்ரோபைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து, பிழிந்த துணியால் ஒருமுறை துடைத்து உடனே உலர்ந்த துணியால் ஒற்றலாம். பிளீச்சிங் திரவம் கூடாது. அது பூஞ்சையைக் கொல்லும், தோலின் புரதத்தையும் சேர்த்து அரிக்கும்.

இத்தோடு வேலை முடிந்தது என்று பலரும் நிறுத்திவிடுகிறார்கள், இரண்டு வாரத்தில் மறுபடி பூக்கிறது. சோபாவைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் ஒரு கறுப்புத் துணி ஸ்டேப்பிள் ஊசியால் அடிக்கப்பட்டிருக்கும். ஒரு மூலையில் நாலு ஊசியைக் கழற்றி டார்ச் அடித்தால் பிளைவுட்டிலும் சட்டத்திலும் பூஞ்சை படர்ந்திருப்பது தெரியும். அந்த மரத்தைத் துடைத்துக் காயவைக்காமல் மேலே எவ்வளவு துடைத்தாலும் பயனில்லை. ஃபோமுக்குள் நாற்றம் ஏறியிருந்தால் ஃபோமை மாற்றத்தான் வேண்டும். தோல் உறையின் ஜிப்பைக் கழற்றி வாஷிங் மெஷினில் போடும் எண்ணம் மட்டும் வேண்டாம். அந்த ஜிப் ஃபோமை மாற்றுவதற்காக வைத்தது.

தடுக்கும் வழி ஈரத்தைக் குறைப்பதுதான். சிறிய ஈரப்பதமானி ஒன்றைச் சோபா அருகே வைத்து 60 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏசியின் உலர்த்தும் முறையை மழைநாட்களில் ஓரிரு மணி நேரம் ஓடவிட்டாலே வித்தியாசம் தெரியும். நாப்தலின் உருண்டை, கற்பூரம் எல்லாம் வாசனைதான்; ஈரத்தைக் குறைக்காது. சிலர் வாங்கியபோது சுற்றி வந்த பிளாஸ்டிக் உறையைப் பல ஆண்டு கழற்றாமல் வைத்திருக்கிறார்கள். அது செய்யும் கெடுதல் இரண்டு. ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கும். பிவிசி பிளாஸ்டிக்காக இருந்தால் அதை மென்மையாக வைத்திருக்கும் வேதிப்பொருள் கசிந்து பூச்சில் ஊறிப் பிசுபிசுப்பாக்கும். வந்த அன்றே கிழித்து எறியுங்கள். ஊருக்குப் போகும்போது பழைய செய்தித்தாளை விரித்து மூடிவைப்பதும் சரியல்ல, அச்சு மை வெளிர்நிறத் தோலில் பதியும். வெளுத்த பருத்திப் போர்வை போடுங்கள், தரைவரை தொங்கவிடாமல், அடியில் காற்று புகும்படி. புறப்படுவதற்கு முன்தினமே துடைத்துக் காயவைத்துவிடுங்கள். ஈரம் காயாமல் மூடிப் பூட்டிய வீட்டில் பத்து நாளே பூஞ்சைக்கு அதிகம்.

வெடிப்புகளைப் பற்றி. எண்ணெய் தேய்த்தால் வெடிப்பு ஒட்டிக்கொள்ளும் என்று நம்பாதீர்கள், ஒட்டாது. மேல்பூச்சில் மட்டும் விட்ட நுண்வெடிப்பைத் தேர்ந்த ஆள் சரிசெய்யலாம்: பிசுக்கை முற்றிலும் எடுத்து, உதிரும் பூச்சை நீக்கி, 600 எண் உப்புத்தாளால் லேசாக நீவி, வளையும் தன்மையுள்ள நிரப்பியை மெல்லிய அடுக்குகளாக வைத்து, நிறமிப் பூச்சு இரண்டு மூன்று முறை ஸ்ப்ரே செய்து, கடைசியில் இணைப்பான் (பூச்சை உறுதியாகப் பிணைக்கும் வேதிப்பொருள்) கலந்த மேல்பூச்சு. அடித்தபின் ஒரு நாளாவது உட்காரக்கூடாது, ஒரு வாரம் ஈரத்துணி படக்கூடாது. பிசுக்கு எடுக்காமல் மேலே நிறம் அடிப்பதுதான் அவசர வேலைக்காரர் செய்யும் தவறு. மூன்றே மாதத்தில் தகடு தகடாகப் பெயர்ந்து வரும். கார் பெயிண்டையும் மரச்சாமான் லாக்கரையும் அடித்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அவை காய்ந்ததும் இறுகிவிடும். உட்கார்ந்த முதல் நாளே மடிப்பில் நொறுங்கும். வேலை கொடுக்குமுன் சோபாவின் பின்புறத்தில் கையளவு அடித்துக் காட்டச் சொல்லி, மறுநாள் அதை மடக்கிப் பாருங்கள், நகத்தால் சுரண்டிப் பாருங்கள்.

இவ்வளவும் உண்மையான தோலுக்கு. எங்களிடம் உரிகிறது என்று வரும் சோபாக்களில் பல தோலே அல்ல. தோல் தூளைப் பசையில் குழைத்துத் துணிமேல் ஒட்டி, மேலே பாலியூரித்தேன் படலம் போட்டது பாண்டட் லெதர். படலத்தை வெறும் துணிமேல் போட்டது பியூ. பிவிசி என்றால் ரெக்ஸின். பாண்டட், பியூ இரண்டிலும் மேலிருக்கும் படலம் பெரும்பாலும் ஈரத்தால் சிதைகிற வகை. நம் கடலோரக் காற்றில் சில ஆண்டுகளில் செதில் செதிலாகக் கொட்டத் தொடங்கும். உபயோகித்தாலும் கொட்டும், போர்த்தி வைத்தாலும் கொட்டும். அதற்குக் கிரீமும் இல்லை, பழுதுபார்ப்பும் இல்லை. வேறு துணி போட்டுத் தைக்கத்தான் வேண்டும். இப்படிச் சோபா வைத்திருப்பவர்கள் தங்கள் பராமரிப்பில் குறை என்று வருந்த வேண்டாம்.

வாங்கும்போது கண்டுபிடிக்க, குஷனின் ஜிப்பைத் திறந்து உட்பக்கத்தைப் பாருங்கள். தோலாக இருந்தால் மான்தோல்போல நார் நாராகத் தெரியும். நெய்த துணியோ பின்னல் துணியோ தெரிந்தால் அது தோலல்ல. தீக்குச்சி வைத்துப் பார்ப்பது ஆபத்து, நம்பகமும் இல்லை. உட்காரும் இடமும் சாயும் இடமும் மட்டும் தோலாக வைத்து, பக்கங்களிலும் முதுகிலும் அதே நிறத்தில் ரெக்ஸின் போடுவது பரவலான வழக்கம். அது குற்றமில்லை, ஆனால் சொல்லி விற்க வேண்டும். ஐரோப்பியத் தரநிலை இஎன் 15987இன்படி மேற்பூச்சு 0.15 மில்லிமீட்டரைத் தாண்டினால் அதை வெறுமனே தோல் என்று சொல்லி விற்கக்கூடாது. 1948 முதல் சென்னை அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இயங்கும் மாநிலம் இது. இங்கே விற்கும் சோபாவுக்கும் அப்படி ஒரு தெளிவு வேண்டும் என்று கேட்பது அதிகப்படியான ஆசை அல்ல. அதுவரை, வாங்கும் கடையில் பில்லிலேயே எழுதித்தரச் சொல்லுங்கள்: எந்தெந்தப் பகுதி மேல்தோல், எந்தப் பகுதி ஸ்ப்ளிட் எனப்படும் அடித்தோல், எது ரெக்ஸின், பூச்சுள்ளதா அனிலைனா என்று. எழுதித் தரத் தயங்கும் கடையில் வாங்காதீர்கள்.

இப்படிக்கு,
தோல் பினிஷிங் மற்றும் சோபா சீரமைப்புத் தொழிலில் உள்ள சிலர்,
ராணிப்பேட்டை.